ஆற்றங்கரைத் தூண்டில்: புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

தஞ்சாவூரைச் சுற்றி எந்த ஆற்றில் தண்ணீர் ஓடினாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு ஏதாவது ஒரு சட்ரஸ் ஓரமாகப் போய்ப் பார்த்தால் நாலைந்து பேர் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். (வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: ஆற்றின் குறுக்கே கதவு வைத்துத் தண்ணீரைப் பிரித்துவிடுகிற கட்டுதான் சட்ரஸ். ஷட்டர்ஸ் எங்கள் வாயில் இப்படி ஆகிவிட்டது.) எங்கள் கூட்டத்தில் ஒருத்தர் மளிகைக்கடைக்காரர், ஒருத்தர் பஸ் கண்டக்டர், ஒருத்தர் ஓய்வுபெற்ற வாத்தியார், அப்புறம் நான். யாருக்கும் மீன்பிடி தொழில் இல்லை. பெட்ரோல், டீ, புழு தேடுகிற நேரம் எல்லாவற்றையும் கணக்குப் போட்டால் கடையில் வாங்குவதுதான் மலிவு என்று வீட்டில் எனக்குப் பலமுறை நிரூபிக்கப்பட்டுவிட்டது. இருந்தாலும் போகிறோம்.

புதிதாகப் பழக நினைக்கிறவர்கள் அடிக்கடி என்னிடம் கேட்பதால், எனக்குத் தெரிந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன். இது காவிரி டெல்டாவின் ஆறு, வாய்க்கால், குளத்துக்கான வழிகாட்டி. உங்கள் ஊர்த் தண்ணீர் வேறு மாதிரி இருந்தால் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள்.

1. முதல் மாதம் தூண்டில் வாங்காதீர்கள்

யூடியூபில் நாலு வீடியோ பார்த்துவிட்டு ராடு, ரீல், இருபது லூர் (செயற்கை இரை), பை, தொப்பி என்று எல்லாவற்றையும் ஆன்லைனில் வாங்கிக்கொண்டு வந்து, முதல் வீச்சிலேயே எதிர்க்கரைக் காட்டாமணக்கில் கொண்டுபோய் மாட்டி, மூன்றாவது வாரம் அத்தனையையும் பரணில் ஏற்றிவிடுகிறவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், அதனால் சொல்ல உரிமை இருக்கிறது.

வெறும் கையோடு போங்கள். தூண்டில் போடுகிறவருக்குப் பின்னால், உங்கள் நிழல் தண்ணீரில் விழாத இடமாகப் பார்த்து உட்காருங்கள். "ஏதாச்சும் கொத்துதாண்ணே?" என்று மெதுவாகக் கேட்கலாம், அதற்கு மேல் வேண்டாம். பதில் வராவிட்டாலும் எழுந்து போகாதீர்கள். எங்கள் வாத்தியார் மாமா என்னிடம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாவது வாரம் புழு வைத்திருந்த கொட்டாங்குச்சியை என் பக்கம் நகர்த்தி, "கோருடா பாப்போம்" என்றார். மிதப்பு (நரம்பில், அதாவது தூண்டில் நூலில், கட்டி மிதக்கவிடுகிற தக்கை) எப்போது சும்மா ஆடுகிறது, எப்போது மீன் ஆட்டுகிறது என்கிற வித்தியாசம் கண்ணில் படிவதற்கு அந்த இரண்டு வாரம் தேவைப்பட்டிருக்கிறது. அது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

2. தண்ணீரின் காலண்டரைத் தெரிந்துகொள்ளுங்கள்

எங்கள் வருஷம் ஜனவரியில் தொடங்காது. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கிற ஜூன் 12-ல்தான் தொடங்கும், ஜனவரி 28-ல் மூடினால் முடியும். எல்லா வருஷமும் அப்படியே நடப்பதில்லை. 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-ல் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். மேட்டூரில் விட்ட தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று நான்கு நாள் ஆகும். அங்கேதான் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது.

புதுத்தண்ணி வந்த முதல் வாரம் எல்லோரும் பரபரப்பாக ஓடுவார்கள். நான் போவதில்லை. குப்பையும் கட்டையும் மிதந்து வந்து நரம்பை இழுத்துக்கொண்டே இருக்கும். பத்து நாள் கழித்து ஓட்டம் ஒரு நிலைக்கு வந்து, ஓரப் புல்லெல்லாம் நனைந்த பிறகு போனால் கெண்டை நன்றாகக் கொத்தும். ஆடிக்காற்றில் மிதப்பைப் பார்ப்பதே கஷ்டம், பதினெட்டாம் பெருக்கன்று படித்துறைப் பக்கமே போகாதீர்கள். ஊரே சித்திரான்னத்தோடு அங்கே உட்கார்ந்திருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் கலங்கி வரும்போது கெளுத்திக்குக் கொண்டாட்டம். தை பிறந்து ஆறு வற்ற ஆரம்பித்ததும் மீன்கள் பாலத்தடி மடுக்களில் வந்து ஒதுங்கும், அப்போது விரால். கோடையில் ஆறு மணலாகிவிடும், தண்ணீர் மிச்சமிருக்கிற குளம்தான் கதி.

இதற்கு நடுவே வீட்டுக் காலண்டர் ஒன்று இருக்கிறது. புரட்டாசி முழுக்க எங்கள் வீட்டில் அசைவம் கிடையாது. மீன் நன்றாகக் கொத்துகிற மாதம் அதுதான் என்று எனக்கு எப்போதும் தோன்றும், ஒருவேளை கொண்டுபோக முடியாததால் அப்படித் தோன்றுகிறதோ என்னவோ. பிடித்ததைத் திரும்ப விட்டுவிடுவேன், இல்லாவிட்டால் கண்டக்டர் வீட்டுக்குப் போகும்.

நேரம் என்று பார்த்தால் விடிந்ததிலிருந்து எட்டரை வரை, மாலை நாலரையிலிருந்து இருட்டும் வரை. நடுப்பகலில் உட்கார்ந்திருந்தால் கறுத்துத்தான் போவீர்கள்.

3. எந்த மீனுக்குப் போகிறோம் என்று முடிவு செய்யுங்கள்

"ஏதாவது கிடைக்கும்" என்று போனால் ஏதும் கிடைக்காது. புதியவர்களுக்கு ஜிலேபியும் பொடிக்கெண்டையும்தான் சரி. ஜிலேபி நம் ஊர் மீன் இல்லை, ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். பெண் மீன் முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே வைத்துக் காப்பாற்றுவதால் போன இடமெல்லாம் பெருகிவிட்டது. நாட்டு மீன்களுக்கு அது போட்டி, அதனால் எத்தனை பிடித்தாலும் எனக்கு மனசு உறுத்தாது.

கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் குளத்தில் வளர்ப்பதற்காக விடப்படுகிறவை, வெள்ளத்தில் தப்பி ஆற்றுக்கும் வரும். கட்லாவுக்கு வாய் மேல்நோக்கி இருக்கும், மேல்தண்ணீரில் மேயும். ரோகு நடுத்தண்ணீர், மிர்கால் அடித்தரை. இதைத் தெரிந்துகொண்டால் மிதப்பை எந்த ஆழத்துக்குக் கட்டுவது என்ற கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். கெளுத்தியும் அடித்தரைதான், அந்தி நேரத்து மீன். எப்போதாவது ஒரு ஆரால் (பாம்பு மாதிரி நீளமான மீன்) மாட்டினால் அன்றைக்குக் கரையில் பெரிசுகள் எல்லாம் உங்களைச் சுற்றி வந்துவிடுவார்கள், அதன் ருசி தெரிந்தவர்கள் அவர்கள்.

ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால் மட்டும் பாவம் பார்த்துத் திரும்ப விடாதீர்கள். அதை வளர்க்க அரசே தடை போட்டிருக்கிறது, கண்ணில் பட்ட சின்ன மீனையெல்லாம் விழுங்கிவிடும்.

4. இப்போது தூண்டில்

மூங்கில் கழிதான் முதலில். கெட்டி மூங்கில், பத்தடி, நுனி வளையக்கூடியதாக. பச்சையாக வெட்டியதை நிழலில் இரண்டு மூன்று வாரம் காயப்போட்டு, வளைந்திருக்கிற இடத்தை நெருப்பில் லேசாக வாட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். கழி நீளத்துக்கே நரம்பு, அதற்கு மேல் வேண்டாம். கெண்டைக்கும் ஜிலேபிக்கும் 0.20 மில்லிமீட்டர் நரம்பு போதும், கெளுத்திக்கு 0.30 அல்லது 0.35. தடித்த நரம்பு அறுகாது என்று வாங்கிவிட்டு, கொத்தவே இல்லை என்று புலம்புகிறவர்கள் உண்டு.

தூண்டில் முள்ளின் எண் தலைகீழ்க் கணக்கு, எண் பெரிதாகப் பெரிதாக முள் சிறிதாகும். பொடிக்கெண்டைக்கு 12, ஜிலேபிக்கு 10, கெளுத்திக்கு 6 அல்லது 8. காது (நரம்பு நுழைகிற வளையம்) உள்ள முள்ளாகக் கேட்டு வாங்குங்கள், கட்டுவது சுலபம். நரம்பைக் காதுக்குள் நுழைத்து, மெயின் நரம்பைச் சுற்றி ஐந்தாறு சுற்றுச் சுற்றி, நுனியைக் காதை ஒட்டியிருக்கிற சின்ன வளையத்துக்குள் விட்டு, அப்படி விட்டதால் உண்டான பெரிய வளையத்துக்குள்ளும் ஒருமுறை விட்டு, எச்சில் தொட்டு ஈரமாக்கி மெதுவாக இறுக்குங்கள். எச்சிலை மறந்தால் இறுக்கும்போது நரம்பு சூடாகி அந்த இடத்திலேயே பலமிழந்துவிடும், பெரிய மீன் மாட்டுகிற அன்றைக்குப் பார்த்து அறுகும்.

மிதப்புக்கு நெட்டிதான் (தண்ணீரில் வளர்கிற ஒரு செடியின் லேசான தண்டு) எனக்குப் பிடிக்கும். தஞ்சாவூர் நெட்டி வேலைக்குப் பேர்போன ஊர், தண்டு கிடைப்பது கஷ்டமில்லை. விரல் நீளத்துக்கு வெட்டி, மேல் பாதிக்கு மட்டும் சிவப்பு நெயில் பாலிஷ் அடித்துக்கொள்ளுங்கள் (வீட்டில் கேட்டுவிட்டு). முள்ளுக்கு நாலு விரல் மேலே ஒரு சின்ன ஈயம். மிதப்பு முக்கால்வாசி முங்கி நிற்கிற அளவுக்கு ஈயத்தைக் கடித்துவிடச் சொல்வார்கள் பழைய ஆட்கள், அதைப் பல்லால் செய்யாதீர்கள், ஈயம் விஷம். குறடு இருக்கிறது.

ராடு, ரீல் எல்லாம் ஆறு மாதம் கழித்து. அப்போது ஏழடி ராடு, 2500 அல்லது 3000 சைஸ் ஸ்பின்னிங் ரீல் போதும். நான் முதலில் வாங்கிய விலை உயர்ந்த ராடு பைக்கில் கட்டிக்கொண்டு போகும்போதே நுனி உடைந்தது, மீன் அதைப் பார்க்கவே இல்லை.

5. இரை

மண்புழுவுக்கு நிகரில்லை. வாழையடி, கிணற்றடி, மாட்டுக்கொட்டகைச் சாணிக்குழி ஓரம், இந்த மூன்றில் எங்கே தோண்டினாலும் கிடைக்கும். அதே மண்ணோடு கொட்டாங்குச்சியில் போட்டு, வாழையிலைத் துண்டால் மூடி நிழலில் வையுங்கள். முழுப் புழுவையும் முள்ளில் ஏற்றி மறைத்துவிடாமல் வால் கொஞ்சம் நெளிகிற மாதிரி விட வேண்டும்.

ஜிலேபிக்கு மைதா மாவு பிசைந்தது போதும், ஒட்டாமல் உருட்ட வருகிற பதத்தில். பரோட்டாக் கடையில் ஒரு உருண்டை கேட்டு வாங்கிக்கொள்வது எங்கள் மளிகைக்கடைக்காரரின் பழக்கம், மைதா விற்கிறவரே ஓசியில் வாங்குகிறார் என்று நாங்கள் கிண்டல் செய்வோம். ரோகு, மிர்காலுக்குக் கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துத் தவிட்டோடு பிசைந்து, முதலில் இரண்டு மூன்று உருண்டையைத் தண்ணீரில் போட்டு மீனை வரவழைத்துவிட்டு, அதற்கு நடுவே தூண்டிலைப் போடுவது. கெளுத்திக்குக் கோழிக்குடல் நன்றாக வேலை செய்யும். ஆனால் உங்கள் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள்.

6. மிதப்பைப் படிப்பது

மிதப்பு நடுங்கிக்கொண்டே இருந்தால் பொடிக்கெண்டை புழுவைக் கடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், இழுக்காதீர்கள். இரண்டு தட்டுத் தட்டி, சாய்ந்து, சரிந்து போனால் ஜிலேபி, அப்போது இழுக்கலாம். மிதப்பு பக்கவாட்டில் நகர்ந்து ஒரேயடியாக உள்ளே போனால் கெளுத்தி. மிதப்பு முங்காமல் படுத்துவிட்டால், இரையோடு மீன் மேலே வருகிறது. புதியவர்கள் எல்லோரும் கோட்டைவிடுவது இதில்தான்.

இழுப்பது என்றால் மணிக்கட்டால் ஒரு வெட்டு, அவ்வளவுதான். கழியைத் தலைக்கு மேல் சுழற்ற வேண்டாம். என் முதல் கெண்டை அப்படிப் பறந்து போய்ப் பின்னால் இருந்த பூவரச மரத்தில் தொங்கியது. பதினோரு வருஷம் ஆகிறது, "மரத்துல மீன் புடிச்சவரு" என்றுதான் இன்னும் என்னைப் புது ஆட்களுக்கு அறிமுகப்படுத்துகிறார்கள்.

7. விரால்: இது தனிப் பாடம்

விராலுக்குப் போகிறவர்கள் ஒரு இடத்தில் உட்கார மாட்டார்கள். ஆகாயத்தாமரை, அல்லி, கோரை அடர்ந்த ஓரமாக நடந்துகொண்டே தேட வேண்டும். விரால் காற்றையும் சுவாசிக்கிற மீன், அடிக்கடி மேலே வந்து ஒரு வாய் காற்றை எடுத்துக்கொண்டு போகும். "ப்ளக்" என்று ஒரு சத்தம், ஒரு வட்டம். அந்த வட்டத்துக்கு இரண்டடி தள்ளி ரப்பர் தவளையைப் போட்டு, இலைமேல் ஏற்றி, நிறுத்தி, தத்தவிட்டு இழுத்து வருவது. உயிர்த் தவளையைக் குத்திப் போடுகிற பழக்கம் எனக்கு ஒப்பாது, ரப்பரே போதும்.

தண்ணீர் வெடித்துத் தவளை மறைந்ததும் கை தானாக இழுக்கும். இழுக்கக் கூடாது. ஒன்று, இரண்டு என்று எண்ணி, நரம்பில் பாரம் தெரிந்த பிறகு வெட்டுங்கள். இதைப் பழக எனக்கு இரண்டு சீசன் ஆயிற்று, தப்பிப்போன விராலின் எடை எங்கள் டீக்கடையில் வாராவாரம் கால் கிலோ கூடும்.

ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பு. சிவப்பும் ஆரஞ்சுமாகப் பொடிக்குஞ்சுக் கூட்டம் மேலே கொதிக்கிற மாதிரி வருவதைப் பார்த்தால் அதற்கு அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும். குஞ்சைக் காப்பாற்ற எதையும் தாக்கும் என்பதால் பிடிப்பது ரொம்பச் சுலபம், அதனால்தான் பிடிக்கக் கூடாது. பெரிசு போய்விட்டால் அத்தனை குஞ்சையும் கெண்டையும் கொக்கும் பார்த்துக்கொள்ளும். எங்கள் கூட்டத்தில் ஒருத்தர் ஒருமுறை பிடித்தார், வாத்தியார் மாமா அன்றைக்கு அவரோடு டீ குடிக்கவில்லை.

8. கையும் உயிரும்

கெளுத்தியின் முதுகிலும் இரண்டு செவுள் ஓரத்திலும் முள் இருக்கிறது, கோபம் வந்தால் விறைத்துப் பூட்டிக்கொள்ளும். தலைக்குப் பின்னால், பக்க முட்களுக்கு அடியில் இரண்டு விரலைக் கொடுத்துப் பிடிக்க வேண்டும், பழகும்வரை துணியால் பிடியுங்கள். தேளி (கெளுத்தி மாதிரியே மீசையும் முள்ளும் உள்ள மீன்) குத்தினால் பேருக்கு ஏற்ற மாதிரி தேள் வலிதான். பொறுக்கிற அளவு சூடான தண்ணீரில் கையை முக்கி வைத்தால் வலி இறங்கும், சூட்டில் அந்த விஷம் கெடும். ஆனால் கொதிக்கிற தண்ணீரில் விட்டுப் புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள், அப்புறம் டாக்டரிடம் போய் டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள். தூண்டில் முள் கையில் ஏறி, கொக்கி உள்ளே போய்விட்டால் வந்த வழியே பிடுங்கக் கூடாது, சதையோடு வரும். நரம்பை வெட்டிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு.

கல்லணைக் கால்வாயின் சிமெண்ட் சரிவில் இறங்காதீர்கள். பாசி பிடித்த சரிவில் விழுந்தால் நீச்சல் தெரிந்தவனாலும் ஏற முடியாது. சட்ரஸுக்குக் கீழே நிற்கும்போது கதவு எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம் என்று நினைத்துக்கொண்டே நில்லுங்கள். வயல் ஓர மின்கம்பிகள் தாழ்வாகத் தொங்குகின்றன, ஈர மூங்கிலும் கார்பன் ராடும் மின்சாரத்தைக் கடத்தும், இடி இடித்தால் மூட்டை கட்டிவிடுங்கள். அணைக்கரைப் பக்கம் கொள்ளிடத்தில் முதலைகள் இருக்கின்றன, அங்கே முழங்கால் தண்ணீரில்கூட இறங்க வேண்டாம்.

9. இடமும் முறையும்

ஊர்க் குளங்களும் ஏரிகளும் பெரும்பாலும் மீன் குத்தகைக்கு ஏலம் போயிருக்கும். குத்தகை எடுத்தவரைக் கேட்காமல் போடுவது திருட்டு. கேட்டால் பல பேர் ஒரு தூண்டிலுக்குச் சரி என்று சொல்லிவிடுவார்கள். வடுவூர் ஏரி பறவைகள் சரணாலயம், அங்கெல்லாம் கழியோடு போய் நிற்காதீர்கள். வெடி, விஷம் போட்டு மீன் பிடிப்பது 1897-ஆம் வருஷச் சட்டத்திலேயே குற்றம். மின்சாரம் வைக்கிறவர்களைப் பார்த்தால் சண்டைக்குப் போகாமல் தள்ளி வந்து போலீசுக்குச் சொல்லுங்கள்.

கரையில் எழுதாத சட்டங்கள் சில உண்டு. முதலில் வந்தவருக்குப் பத்தடி விட்டு உட்காருவது. பக்கத்து ஆளுக்குப் பெரிய மீன் மாட்டினால் உங்கள் தூண்டிலைத் தூக்கிவிட்டு உதவிக்குப் போவது. போனில் பாட்டுப் போடாமல் இருப்பது. இன்னொருத்தர் காட்டிய இடத்துக்கு அவர் இல்லாமல் வேறு கூட்டத்தோடு போகாமல் இருப்பது, இது எல்லாவற்றையும்விடப் பெரிது. அறுந்த நரம்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், காலில் நரம்பு சுற்றிய மடையான் கொக்கு ஒன்றை ஒருமுறை நாங்கள் அவிழ்த்துவிட்டோம், அரை மணி நேரம் ஆயிற்று.

எட்டரைக்கு மேல் எல்லா மீனையும் ஒன்றாகக் கொட்டி நாலு கூறு போடுவோம். ஒருத்தர் கூறு வைப்பார், இன்னொருத்தர் ஆற்றைப் பார்த்துத் திரும்பி நிற்பார். "இது யாருக்கு?" என்றால் திரும்பாமலே ஒரு பேர் சொல்வார். யார் அதிகம் பிடித்தார்கள் என்ற பேச்சே கிடையாது. ஒரு மீன்கூடப் பிடிக்காத நாளில் நல்ல கூறு எனக்கு வந்து விழுந்திருக்கிறது, கூச்சமாகத்தான் இருந்தது, எடுத்துக்கொண்டுதான் போனேன். பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் குச்சியும் தையல் நூலும் வைத்து எங்களைவிட அதிகம் பிடிப்பான், அவன் வருகிற அன்றைக்கு ஐந்து கூறு.

10. வீட்டுக்கு வந்த பிறகு

விரால், கெளுத்தி உயிரோடு இருந்தால் ஒரு நாள் நல்ல தண்ணீரில் விட்டுவையுங்கள், சேற்று வாடை குறையும். கெளுத்தியின் வழவழப்புக்குக் கல்லுப்பும் புளியும் போட்டுத் தேய்க்க வேண்டும், விராலைச் சாம்பல் தொட்டுக் கல்லில் உரசுவது எங்கள் பக்கத்து வழக்கம். குழம்புக்குக் கெளுத்தி, வறுவலுக்கு விரால், ஜிலேபி எதற்கும் ஒத்துப்போகும். நல்லெண்ணெயில் வெந்தயமும் சின்ன வெங்காயமும் தாளித்து, புளி சுண்டிய பிறகு மீனைப் போட்டு, இறக்குவதற்கு முன் ரெண்டு துண்டு மாங்காய். அன்றைக்கே சாப்பிட்டுத் தீர்த்துவிடாதீர்கள், மறுநாள் காலை பழைய சோற்றுக்குக் கொஞ்சம் சட்டியில் இருக்கட்டும்.

சாப்பிட்டுப் படுப்பதற்கு முன் இரண்டு வேலை பாக்கி. முள்ளைத் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தொட்டு வையுங்கள், துரு ஏறாது. கொட்டாங்குச்சியில் மிச்சமிருக்கிற புழுவைக் கொல்லைப்புற வாழையடியில் கொட்டி ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் அங்கேயே தோண்டினால் போதும்.